நிழலுக்கு ஏழு டேக்

"அது என் வீட்டுக்காரர் இல்லை டீச்சர். அவர் தோள் எனக்குத் தெரியாதா?" என்றாள் தையல்காரி.

டீச்சரின் உதவியாள் கொசுறு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். டீச்சர் பார்த்த பார்வையில் மறுபடி மூடிக்கொண்டான். மூடியது நல்லதாகப் போயிற்று. அந்த அம்மாள் கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கையில் எடுத்து, மேஜைமேல் வைத்திருந்த போன் திரையில் வைத்தே காட்டினாள்.

"இருபது வருஷமா அவருக்குச் சட்டை நான்தான் தைக்கிறேன். இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். இந்த ஆளுக்கு ரெண்டு தோளும் சமம்."

போனில் ஓடியது ஒரு டிரெய்லர். 'கண்ணாடிக் கட்டடங்கள்' என்று ஒரு டிவி தொடர். பெரிய கம்பெனிகள் செய்யும் மோசடிகளை வாரம் ஒன்றாக உரித்துக் காட்டுவார்கள். இந்த வாரத்து டிரெய்லரில், வெளிச்சமான ஜன்னலுக்கு முன்னால் ஒரு கறுப்பு உருவம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. முகம் தெரியவில்லை. குரலையும் மாற்றி, பீப்பாய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆக்கியிருந்தார்கள்.

"தீப்பிடிச்சா அணைக்கிற சிலிண்டர் சார். பழசை வாங்கி, சிவப்பு பெயின்ட் அடிச்சு, புது ஸ்டிக்கர் ஒட்டி, புதுசுன்னு விக்கிறாங்க. உள்ளே ஒண்ணும் கிடையாது. நிஜமா தீப்பிடிச்சா அதைத் தூக்கிப் போட்டுட்டு ஓட வேண்டியதுதான்."

சொல்வதற்கு முன்னால் அந்த உருவம் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியது. வந்த வினையே அதுதான். தையல்காரியின் கணவர் அந்தச் சிலிண்டர் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக ஸ்டோர் கீப்பர். யார் என்ன கேட்டாலும் விரல் கணுவை எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்வார். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்குக்கூட அது தெரியும். இன்று காலை அதே வாட்ச்மேன்தான் அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான்.

"சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணை. இவர்தான் அதுன்னு மூணு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. இவர் டிவி ஆபீஸ் வாசல்கூட மிதிச்சதில்லை டீச்சர். ஐம்பத்திரண்டு வயசுல வேலை போச்சுன்னா எங்கே போவார்?"

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை.

இந்த டீச்சர் நிஜமாகவே டீச்சர்தான். முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். அதில் பாதி நாள் பரீட்சை ஹாலில் காப்பி அடிப்பவர்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்றபின் மருந்துக்கடை மாடியில் ஓர் அறை எடுத்து, 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டினார். கொசுறு அதற்கு முன் கூரியரில் இருந்தவன். நாற்பது தாண்டிய ஆள். டீச்சரை அமர்த்தினால் இவன் இலவசம் என்று முதல் வாடிக்கையாளர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு அதில் வருத்தம் இல்லை, சம்பளத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்பான்.

"கிளம்புங்க. நீங்களும் வாங்கம்மா," என்றார் டீச்சர்.

டிவி ஆபீஸ் மூன்றாவது மாடி. முன்கூட்டி நேரம் வாங்காமல் யாரையும் பார்க்க முடியாது என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண். கொசுறு வரும் வழியில் பொறுக்கிய காலி அட்டைப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எடிட்டிங் ரூமுக்கு. உடையற சாமான். யார்மா கையெழுத்துப் போடறீங்க? உடைஞ்சா அவங்கதான் பொறுப்பு," என்றான். அவள் அவசரமாகக் கதவைக் காட்டினாள். கையெழுத்து என்றால் எந்த ஆபீஸிலும் ஒதுங்கி வழிவிட்டுவிடுவார்கள், கூரியரில் பன்னிரண்டு வருஷம் கற்ற பாடம் அது. தையல்காரி ரிசப்ஷனில் உட்கார, மற்ற இருவரும் உள்ளே போனார்கள்.

எடிட்டிங் அறையில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண்ணும், தாடி வைத்த இயக்குநரும் இருந்தார்கள். டீச்சர் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார். இயக்குநர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"மேடம், சாட்சி யாருன்னு உயிரே போனாலும் சொல்ல மாட்டோம்."

"யாருன்னு வேண்டாம். இவர் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க."

"இன்னிக்கு இவர் இல்லைம்பேன். நாளைக்கு இன்னொருத்தர் வருவார், அவரும் இல்லைம்பேன். இப்படிக் கழிச்சுக்கிட்டே போனா கடைசியில மிஞ்சறது யாரு?"

"நியாயம்தான்," என்றார் டீச்சர்.

நியாயம் என்று டீச்சர் ஒப்புக்கொண்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. கொசுறுக்கு அது தெரியும். அதனால் வசதியாகச் சாய்ந்து நிற்க இடம் தேடினான். சுவரோரம் தரையில் நின்ற சிவப்பு சிலிண்டரில் காலை வைத்தான். அது உருண்டு விழுந்தது. பதறிப்போய்த் தூக்கினான், எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக வந்துவிட்டது.

"என்ன சார் இது, என் டிபன் பாக்ஸைவிட லேசா இருக்கு?" என்றவன் ஸ்டிக்கரைப் பார்த்தான். "அட, நீங்க கிழிக்கப்போற கம்பெனியோட சரக்குதானா?"

இயக்குநர் அதைக் கேட்காத மாதிரி இருந்தார். டீச்சர் மட்டும் சிலிண்டரின் அடிப்பக்கத்தை ஒரு கணம் பார்த்தார். பெயின்ட் படாத தகரத்தில் ஆணியால் கிழித்த மாதிரி மூன்று கோடுகள். ஒன்றும் சொல்லாமல் திரும்பியவரின் கண் அந்தப் பெண்ணின் திரையில் போய் நின்றது. காட்சி ஆரம்பிக்கும் இடத்தில் படம் உறைந்திருந்தது. கறுப்பு உருவத்துக்கு முன்னால் யாரோ கிளாப் பலகை பிடித்திருக்கிறார்கள். அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது: சாட்சி, டேக் 7.

"தம்பி, நான் பரீட்சை ஹால்ல நின்னவ," என்றார் டீச்சர் மெதுவாக. "விடை தெரிஞ்ச பையன் ஒரு தடவைதான் எழுதுவான். நடந்ததை நடந்தபடி சொல்ற ஆளுக்கு எதுக்கு ஏழு டேக்?"

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"பலகை வர்ற இடத்தை வெட்டிட்டு ஃபைலை வைக்கலாம்னு நேத்தே சொன்னேன் சார்," என்றாள் அவள்.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது ஆளே பாதியாகிவிட்டார்.

"சொன்னது அத்தனையும் உண்மை மேடம். உண்மை தெரிஞ்ச ஆள் கேமரா முன்னால வரமாட்டார்னு ஆயிடுச்சு. அவர் பேசினதைக் கேட்ட ஒருத்தர் எங்ககிட்ட வந்தார். வந்தவர் ஒரு நடிகர். சரி, நீங்களே உட்கார்ந்துடுங்கன்னு..."

"உங்க தொடர் எதைப் பத்தி சார்?" என்று கேட்டான் கொசுறு.

"மோசடியைப் பத்தி."

"உள்ளே இறங்கித்தான் வேலை பார்க்கறீங்க."

டீச்சர் தையல்காரியை உள்ளே வரவழைத்து, ஏழாவது டேக்கை முழுசாக ஓட்டச் சொன்னார். இரண்டரை நிமிஷம். டிரெய்லரில் இடுப்புக்கு மேலே மட்டும்தான் காட்டியிருந்தார்கள். இதில் உருவம் முழுசாகத் தெரிந்தது. அது ஒரு காலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"உங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல இப்படி உட்காருவாராம்மா?"

"ஐயையோ. மேனேஜர் எதிர்ல நாற்காலி நுனியிலதான் உட்காருவார். வீட்டுல சாப்பிடும்போது மட்டும்தான் இப்படி."

"காப்பி அடிக்கிற பையனை எப்படிப் பிடிப்பேன் தெரியுமா? சரியான விடையை வெச்சு இல்லை. பக்கத்துப் பையன் பண்ணின தப்பையும் சேர்த்து எழுதியிருப்பான். இந்த ஆளும் அப்படித்தான். விரல் எண்ணறதை ஆபீஸே பார்த்திருக்கும். கால் மடக்கறதைச் சாப்பாட்டு மேஜையில அவர்கூட உட்கார்ந்தவங்கதான் பார்த்திருப்பாங்க." டீச்சர் திரையில் இடது தோளைத் தொட்டார். "ரெண்டு தோளும் சமம்னீங்க. அப்ப இந்தத் தோள்ல மட்டும் சட்டை ஏன் சுருங்குது?"

தையல்காரி டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"அரை இஞ்ச் இறக்கி வெட்டின சட்டை டீச்சர். அவருக்கு நான் தைச்சது. போட்டிருக்கிறது என் தம்பி."

"எப்பத் தெரியும்?"

"நேத்து டிவியில பார்த்ததுமே."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

"என் வாயால எப்படிச் சொல்வேன்? இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் கூடப்பிறந்தவன். அது இவர் இல்லைன்னு மட்டும் நீங்க நிரூபிச்சா, யாருன்னு சொல்லாமலே தப்பிச்சுடலாம்னு பார்த்தேன்." அவள் கண் கலங்கியது. "உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்."

"வீணாகலை. தம்பியைக் கூப்பிடுங்க," என்றார் டீச்சர். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதுங்க. அந்த நிழல் ஒரு நடிகர், ஸ்டோர் கீப்பருக்கும் உங்களுக்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாதுன்னு. மாட்டேன்னா, டிவிக்காரங்க நிழலால ஒரு அப்பாவிக்கு வேலை போன கதையை அடுத்த சேனல்ல எடுப்பாங்க."

இயக்குநர் எழுதினார். பாவம், அவர் எழுதியதில் அதுதான் திருத்தம் இல்லாமல் ஒரே தடவையில் வந்தது என்று அந்தப் பெண் பிறகு சொன்னாள்.

மூன்று மணிக்கு, கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் எல்லோரும் கூடினார்கள். ஸ்டோர் கீப்பர் ஒல்லியாக, வெள்ளைச் சட்டையில், இடது தோள் அரை இஞ்ச் இறங்கி உட்கார்ந்திருந்தார். மச்சினன் எதிரே தலை குனிந்து நின்றான். இதுவரை சீரியலில் இரண்டு தடவை பிணமாகவும் ஒரு தடவை நீதிபதிக்குத் தண்ணீர் கொண்டுவருபவனாகவும் நடித்தவன்.

"முதல் தடவையா ரெண்டரை நிமிஷம் வசனம் கொடுத்தாங்க மாமா. முகம் தெரியாது, குரலும் மாத்திடுவோம்னாங்க. மிச்சம் உடம்புதானே இருக்கு. அதான் உங்களை அப்படியே இறக்கிட்டேன். சட்டைகூடக் கொடியிலேர்ந்து எடுத்துட்டுப் போனேன்."

"அடையாளம் தெரியக் கூடாதுன்னு உட்கார வெச்ச இடத்துல அடையாளம் தெரியற மாதிரி நடிச்சிருக்கீங்க," என்றான் கொசுறு. "விருது உங்களுக்கு, விசாரணை உங்க மாமாவுக்கு."

ஸ்டோர் கீப்பர் கோபப்படவில்லை. அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார். டீச்சர் போனில் காட்டினார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார். டீ ஆறிப்போனது.

"நான் இப்படியா பேசறேன்? இவ்வளவு தைரியமாவா?" என்று மனைவியைக் கேட்டார்.

"வீட்டுல தினமும் இப்படித்தான் பேசறீங்க," என்றாள் அவள்.

டீச்சர் கடித உறையை மேஜைமேல் வைத்தார். "இதைக் கொடுங்க. அஞ்சு மணிக்குள்ள அட்டை கைக்கு வந்துடும். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. டிவி ஆபீஸ்ல உங்க கம்பெனி சிலிண்டர் ஒண்ணு பார்த்தேன். அடியில மூணு கோடு இருந்தது."

அவர் விரல் கணுக்களை எண்ண ஆரம்பித்தார். இந்தத் தடவை எண்ணி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"நான் போட்டது. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் ஆணியால ஒரு கோடு. மூணு கோடுன்னா மூணு தடவை புதுசாப் போயிருக்குன்னு அர்த்தம். இதை இவகிட்டகூடச் சொன்னதில்லை."

"பெயின்ட்ல மறைஞ்சுடாதா?" என்று கேட்டான் கொசுறு.

"அடியில பெயின்ட் அடிக்க மாட்டாங்க. யாரும் பார்க்காத இடத்துக்கு எதுக்கு வீண் செலவுன்னு மேலிடத்து உத்தரவு."

"மோசடியிலயும் சிக்கனமா? உருப்பட்ட மாதிரிதான்."

"எதுக்குக் கோடு போட்டீங்க?" என்றார் டீச்சர்.

"தெரியலை. யாராவது பார்க்கணும்னும் இருந்தது, பார்த்துடக் கூடாதுன்னும் இருந்தது. அதான் அடியில போட்டேன்." அவர் குரல் இறங்கியது. "என் பொண்ணு காலேஜ் லேப்ல ஒண்ணு மாட்டியிருக்கு. ரெண்டு கோடு. நான்தான் வண்டியில ஏத்தி அனுப்பினேன். அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை."

தையல்காரி அவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அதற்குள் மணி நாலு ஆகிவிட்டது.

விசாரணை அறையில் துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்றார்கள். டீச்சர் பின்னாலேயே நுழைந்த கொசுறு, "நான் இவங்களோட இலவசம் சார், கணக்குல வரமாட்டேன்," என்றான். மேனேஜரும் கம்பெனி வக்கீலும் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஸ்டோர் கீப்பர் இந்தப் பக்கம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"டிவியில வந்தது நீங்களா, இல்லையா?" என்றார் மேனேஜர்.

"இல்லை சார்." உறையை நீட்டினார்.

மேனேஜர் படித்தார். வக்கீல் வாங்கிப் படித்தார். இரண்டு பேர் முகமும் ஒன்றாக மலர்ந்தது. கொசுறுக்கு அந்த மலர்ச்சி பிடிக்கவில்லை.

"ஆக, அது ஒரு நடிகன். டிவிக்காரனே எழுதிக் கொடுத்துட்டான்," என்றார் வக்கீல். "பிரமாதம். அந்தத் தொடரை இன்னிக்கே நிறுத்திடலாம்."

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளினார். "உங்களைத் தப்பா நினைச்சுட்டோம், மனசுல வெச்சுக்காதீங்க. ஒரே ஒரு வரி எழுதுங்க. 'பத்தொன்பது வருஷ ஸ்டோர் கீப்பர் என்ற முறையில் சொல்கிறேன், டிவியில் வந்தது எதுவும் உண்மை இல்லை.' நாளைக்கு வரும்போது சூப்பர்வைசரா வாங்க."

டீச்சரின் முகம் மாறியதைக் கொசுறு அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தான். காப்பி அடித்தவனைப் பிடித்தாயிற்று. ஆனால் அவன் எழுதியிருந்த விடை சரியான விடை. இப்போது அவர் பிடித்துக் கொடுத்ததை வைத்தே அந்த விடையை அழிக்கப் பார்க்கிறார்கள். அவர் ஏதோ சொல்ல எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். சொல்ல வேண்டியவர் அவர் இல்லை.

ஸ்டோர் கீப்பர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். இடது கையில் கணுக்களை எண்ணினார். எண்ணி முடித்ததும் பேனாவை மூடித் தாள்மேல் வைத்தார். நாற்காலியில் பின்னால் நகர்ந்து, ஒரு காலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"டிவியில வந்தது நான் இல்லை சார். ஆனா அதுல வந்த பேச்சு என் பேச்சுதான்."

மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். "ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்றார் வக்கீல் சிரித்துக்கொண்டே.

"உங்க தலைக்கு மேல மாட்டியிருக்கே, அதை எடுத்துக் கவுத்துப் பாருங்க."

அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. கணக்கில் வராத கொசுறுதான் எழுந்து போனான். சுவரில் இருந்த சிலிண்டரை ஒற்றைக் கையால் கழற்றினான். பளபளவென்று சிவப்பு, இந்த வருஷத்து ஸ்டிக்கர். மேஜைக்கு நடுவில் தலைகீழாக நிறுத்திவிட்டு, விரல் வைத்து எண்ணினான்.

"அஞ்சு கோடு சார்," என்றான். "உங்களுக்கேவா?"

வக்கீல் சிரிப்பதை நிறுத்தினார். சிலிண்டரைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், பிறகு இந்த அறைக்கு வாசல் எத்தனை என்று பார்த்தார்.

வெளியே கேட்டருகில் அக்காவும் தம்பியும் நின்றிருந்தார்கள். ஸ்டோர் கீப்பர் வெறுங்கையோடு வருவதைப் பார்த்ததுமே தையல்காரிக்கு விளங்கிவிட்டது.

"அட்டை?"

"கொடுக்கலை. வேலை போயிடுச்சு."

"என்னங்க சொன்னீங்க அவங்ககிட்ட?"

"வீட்டுல சொல்றதைத்தான்." அவர் மச்சினனைப் பார்த்தார். "உன் தாடிக்காரருக்கு போன் போடு மாப்பிள்ளை. நாளைக்குக் காலையில வர்றேன். முகத்தை மறைக்க வேண்டாம்னு சொல்லு."

மச்சினன் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினான். தையல்காரி அழுவாள் என்று கொசுறு நினைத்தான், அழுதுகொண்டுதான் இருந்தாள். கணவர் பக்கத்தில் வந்து நின்று, சுற்றி ஆள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள்.

"கையைத் தூக்குங்க," என்றாள். "டிவிக்கு இந்தச் சட்டை வேண்டாம், பழசு."